இஞ்சின் வந்த பிறகு தவக்குல்

திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயமான அஷ்ஷூரா, கடலில் ஓடும் கப்பல்களை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகச் சுட்டிய பின், அவன் நாடினால் காற்றை அடக்கிவிடுவான் என்றும் அப்போது அவை நீரின்மேல் அசைவற்று நின்றுவிடும் என்றும் பொருள்படும் கருத்தை 32, 33ஆம் வசனங்களில் முன்வைக்கிறது. பாய்மரம் ஒன்றே கதியாக இருந்த நூற்றாண்டுகளில் இக்கருத்துக்கு உரையாசிரியர் எவரும் தேவைப்பட்டிருக்க மாட்டார். காற்று விழுந்த நடுக்கடலில் நாட்கணக்காகக் கிடந்த எந்த மாலுமிக்கும் அது கண்ணெதிரே நிகழ்ந்த உண்மை. காற்று விழுந்தாலும் கயிற்றை ஒருமுறை சுண்டினால் முழங்கத் தொடங்கும் இஞ்சின் படகின் பின்புறத்தில் ஏறிய பிறகு, காற்றின் இடத்தில் இப்போது எது இருக்கிறது, படகை ஓட்டுபவன் யார், அவன் செய்யும் தேர்வுக்கு இறைநாட்டத்தின் முன் என்ன மதிப்பு ஆகிய வினாக்கள் புதிதாக எழுகின்றன. படகொன்றுக்குப் புரொப்பெல்லர் தெரிவு செய்யும் சிறிய காரியம், அதிலும் ஆளைக் கயிற்றில் கட்டி நீரின்மேல் இழுத்துச் செல்லும் விளையாட்டுப் படகுக்கு விரைந்து புறப்படும் வேகத்தைத் தருவதற்காகச் செய்யப்படும் தெரிவு, இவ்வினாக்களை நூலகத்துக்கு வெளியே எடுத்துவந்து சோதித்துப் பார்க்க வசதியான இடமாகும்.

மன்னார்த் தீவின் வடகரையில் பாக்கு நீரிணையைப் பார்த்து அமைந்த எருக்கலம்பிட்டி, இவ்வினாவை எழுப்புவதற்குப் பொருத்தமான ஊர். தமிழ் பேசும் முஸ்லிம்களின் பழைய குடியிருப்பான அது, இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோரைப் போலச் சட்டத்தில் ஷாஃபி வழியையும் கோட்பாட்டில் அஷ்அரி வழியையும் சார்ந்தது. வாடைக்காலத்தில் ஒரு கடலையும் சோளகக் காலத்தில் வேறொரு கடலையும் தருகின்ற தீவில், காற்றின் திசையறிவது மார்க்க அறிவுக்கு அடுத்தபடியான அறிவாக இருந்தது எனலாம். 1950களின் பிற்பகுதியில் அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தோடு இலங்கைக் கரைகளில் இயந்திரங்கள் பரவத் தொடங்கின. பின்னர் கண்ணாடியிழைப் படகும், அதன் பின்பலகையில் மாட்டப்படும் வெளியிணைப்பு இஞ்சினும் கடற்றொழிலின் பொதுக்கருவிகளாயின. ஆயினும் இஞ்சின் எழுப்பிய இறையியல் வினா, அது எழுந்த வேகத்துக்கு ஈடாக ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை. தவக்குல், அதாவது இறைவன்மீது முழுப்பொறுப்பையும் ஒப்படைத்து நம்பியிருத்தல், இன்றும் பாயும் துடுப்பும் கொண்ட உவமைகளாலேயே போதிக்கப்படுகிறது.

கருவியைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். புரொப்பெல்லர் என்பது இஞ்சினின் தண்டில் பொருத்தப்பட்டு நீருக்குள் சுழலும், முறுக்கிய அலகுகளைக் கொண்ட உறுப்பு; அது நீரைப் பின்னோக்கித் தள்ளுவதனால் படகு முன்னோக்கிச் செல்கிறது. அதன் மீது பொறிக்கப்படும் இரண்டு எண்களுள் ஒன்று விட்டம், மற்றது பிட்ச். மரக்கட்டைக்குள் ஏறும் திருகாணியைப் போல் நீரும் நழுவாத திடப்பொருளாக இருந்திருந்தால், ஒரு முழுச்சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறியிருக்குமோ அந்த அளவே பிட்ச் எனப்படும். இஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுழன்று, கீழ்ப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் அதைப் பாதியாகக் குறைத்தால், புரொப்பெல்லர் 2500 சுற்றுச் சுழலும். 13 அங்குல பிட்ச் உடையதாயின் கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 49.5 கிலோமீற்றரும், 11 அங்குலமாயின் ஏறத்தாழ 42 கிலோமீற்றரும் ஓட வேண்டும். ஆனால் நீர் நழுவும். கணக்கில் வந்த வேகத்துக்கும் ஓடிய வேகத்துக்கும் இடையிலுள்ள இக்குறை வழுக்கல் எனப்படும். நன்கு ஓடும் இலகுவான படகில் அது நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருக்கும்; கயிற்றை இழுத்தபடி நின்ற இடத்தை விட்டு இன்னும் அசையாத படகில் அது முழுவதுமாகவே இருக்கும்.

குறைந்த பிட்ச் குறைந்த உச்சவேகத்தையே தரும் என்றால், அதை எவரும் ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்விக்கு விடை, புறப்படும் கணத்தில் இருக்கிறது. எந்த இஞ்சினும் தன் முழு வலுவைக் குறிப்பிட்ட சுற்றுவேகத்தை எட்டிய பிறகே வெளிப்படுத்தும். அதிக பிட்ச் உடைய புரொப்பெல்லர் ஒவ்வொரு சுற்றிலும் அதிக நீரைத் தள்ள முயல்வதனால், நின்ற நிலையில் இஞ்சின் திணறி அச்சுற்றுவேகத்துக்கு ஏறவே தாமதிக்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் சுமையேற்றிய லொறியை நான்காம் கியரில் கிளப்ப முயல்வது போன்ற நிலை அது. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் இஞ்சினின் உச்சச் சுற்று பெரும்பாலும் 150 முதல் 200 வரை உயரும். இரண்டு அங்குலம் குறைத்தால் அதன் இருமடங்கு. அலகுகள் மூன்றுக்குப் பதில் நான்காக இருந்தால் நீரின் மீதான பிடி கூடி, சுமையோடு மெல்ல ஓடும்போதும் படகு நீரின்மேல் தூக்கி ஓடும் நிலையை விட்டு இறங்காது. ஆனால் பிட்சை அளவு மீறிக் குறைத்தால், சுமை இல்லாத நேரத்தில் இஞ்சின் தனக்கு விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிச் சுழன்று தன்னையே தின்னத் தொடங்கும். புறப்படும் விசையையும் உச்சவேகத்தையும் ஒரே புரொப்பெல்லரிடம் ஒருங்கே முழுமையாகக் கேட்க இயலாது என்பதே இக்கலையின் முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

இழுவை விளையாட்டில் இப்பாடம் கூர்மையடைகிறது. 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெப்பின் ஏரியில் ரால்ப் சாமுவெல்சன் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னே எழுந்து நின்றதிலிருந்து தொடங்கும் நீர்ச்சறுக்கு, போட்டிகளில் மணிக்கு 58 கிலோமீற்றர் வேகம் வரை செல்வது. எனினும் அதன் கடினமான பகுதி அந்த வேகத்தில் இல்லை; கழுத்தளவு நீரில் கயிற்றைப் பிடித்துக் கிடப்பவரைச் சில விநாடிகளுக்குள் நீரின்மேல் தூக்கி நிறுத்துவதில் இருக்கிறது. அச்சில விநாடிகள் நீண்டால் கை சோரும், நீர் முகத்தில் அறையும், கயிறு நழுவும். இலங்கையில் பெந்தோட்டை ஆற்று முகத்திலும் நீர்கொழும்பிலும் இத்தகைய விளையாட்டுகள் நிலைபெற்றுள்ளன. கற்பிட்டியும் தலைமன்னாரும் காற்றையே நம்பியிருக்கும் பட்டச் சறுக்குக்குப் பெயர்பெற்றவை. பட்டச் சறுக்கு வீரன் காற்று விழுந்தால் கரையில் காத்திருப்பான். இழுவைப் படகோ காற்று விழுந்த நாளையே தேடும், ஏனெனில் அதற்கு வேண்டியது அலையற்ற நீர். மேற்சொன்ன வசனம் எழுப்பும் வினா விளையாட்டின் வடிவிலும் இவ்வாறு அருகருகே வந்து நிற்கிறது.

இனி வினாவின் இறையியற் பகுதி. இமாம் கஸ்ஸாலி 1095ஆம் ஆண்டளவில் எழுதிய ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்ற நூலின் பதினேழாம் பிரச்சினையில், காரணம் என்று வழக்கமாகக் கருதப்படுவதற்கும் காரியம் என்று கருதப்படுவதற்கும் இடையே கட்டாயமான பிணைப்பு ஏதுமில்லை என்று வாதிட்டார். பஞ்சு நெருப்பைத் தொடும்போது எரிகிறது. ஆனால் மனிதர் காண்பது தொடுதலின் போது எரிதல் நிகழ்வதை மட்டுமே, தொடுதலாலேதான் எரிதல் நிகழ்கிறது என்பதை அல்ல. எரியச் செய்பவன் இறைவன். ஒரு நூற்றாண்டுக்குள் ஆந்தலூசியாவில் இப்னு ருஷ்து இதை மறுத்து, பொருள்களுக்கு இயற்கையான ஆற்றல் இல்லையென்றால் அறிவு என்ற ஒன்றே இல்லாமற் போய்விடும் என்று பதிலளித்தார். அஷ்அரி வழியைச் சார்ந்த ஊர்களில் கஸ்ஸாலியின் பக்கமே நிலைத்தது. மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது புரொப்பெல்லர் தெரிவையே கேலியாக்குவது போலத் தோன்றும்: படகை நகர்த்துபவன் இறைவனே என்றால் 11 அங்குலம் என்ன, 13 அங்குலம் என்ன?

கஸ்ஸாலி இந்த எதிர்வாதத்தை எதிர்பார்த்தே எழுதினார். இறைவன் உலகை ஒரு வழக்கப்படி நடத்துகிறான், அவ்வழக்கத்தை அறியும் ஆற்றலையும் மனிதருக்குள் படைத்திருக்கிறான் என்பது அவருடைய விடை. நெருப்பு சுடும் என்பது பகுத்தறிவின் கட்டாயமன்று, ஆயினும் அது நம்பத்தகுந்த வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றுவது அற்புதம் எனப்படும், அற்புதத்தை எதிர்பார்த்து எவரும் அடுப்பில் கைவைப்பதில்லை. இவ்வகையில் நோக்கினால் இஞ்சின் உற்பத்தியாளர் அச்சிட்டுத் தரும் பிட்ச் அட்டவணை இறைமறுப்பின் ஆவணமன்று. நீரும் உலோகமும் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதைப் பற்றிய பொறுமையான பதிவு. அப்பதிவு எப்படிச் சேர்ந்தது என்பதும் இவ்வாதத்துக்குத் துணைநிற்கிறது. 1837இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் தம் திருகு வடிவ மரப் புரொப்பெல்லரைக் கால்வாயொன்றில் சோதித்தபோது, ஏதோவொன்றில் மோதி அதன் நீளத்தில் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னைவிட விரைந்து ஓடியது. நீண்ட திருகே நன்று என்று பகுத்தறிவு வகுத்திருந்ததை ஓர் உடைவு திருத்தியது. காரணங்களை அறைக்குள் உட்கார்ந்து உய்த்துணர முடியாது, உலகின் வழக்கத்தை நீரில் இறங்கித்தான் கற்க வேண்டும் என்ற கஸ்ஸாலியின் நிலைப்பாட்டுக்கு இயந்திரவியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அறிவு அழிந்துவிடும் என்ற இப்னு ருஷ்தின் அச்சம் இங்கு மெய்ப்படவில்லை; மாறாக, அறிவு அடக்கம் கற்றுக்கொண்டது.

அதே இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற பெருநூலில் தவக்குல் பற்றிய பகுதியில் காரணங்களை மூவகைப்படுத்துகிறார். உறுதியான காரணம் முதல் வகை: பசித்தவன் முன்னால் உணவிருக்க, கை நீட்டுவது தவக்குலுக்கு மாறு என்று சும்மா இருப்பானாயின் அவன் இறைநம்பிக்கையாளனல்லன், புத்தி பேதலித்தவன். பெரும்பாலும் பலிக்கும் காரணம் இரண்டாம் வகை: மருத்துவரின் சிகிச்சையைப் போன்றது; அதைக் கைக்கொள்வது தவக்குலுக்கு மாறாகாது. வெறும் எண்ணத்தில் மட்டும் பலிக்கும் காரணம் மூன்றாம் வகை: மந்திரிப்பதையும் சூடிடுவதையும் அவர் இவ்வகையில் வைத்து, இவற்றைக் கைவிடுவதே தவக்குலுக்குரியது என்கிறார். இப்பகுப்பைப் படகின் மேல் வைத்துப் பார்க்கும்போது, படகில் ஓட்டையை அடைப்பது முதல் வகையிலும், புரொப்பெல்லரின் பிட்சைத் தெரிவது இரண்டாம் வகையிலும் அடங்கும். பிட்ச் தெரிவு எப்போதும் ஊகமே: படகின் அடிப்பக்கத்தின் வளைவு, இஞ்சின் பூட்டப்பட்ட உயரம், ஏறியவர்களின் எடை, நீரில் கிடப்பவரின் உடற்பருமன் ஆகியவை ஒவ்வொன்றும் கணக்கைக் கலைக்கும், அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒன்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்து, சுற்றுமானியின் முள் எங்கே நிற்கிறது என்று நோக்கி, மற்றொன்றை மாற்றிப் பூட்டுகிறார்கள். உறுதி இல்லாத இடத்தில் முயன்று பார்ப்பதும், முயன்ற பின் விளைவை ஏற்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள்.

மூன்றாம் வகைக்கு மன்னார்க் கரையிலேயே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி, சிலாவத்துறைக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்புகளில், சுறாவைக் கட்டுப்படுத்தும் மந்திரம் ஓதுபவர் இல்லாமல் குளிப்பாளிகள் நீரில் இறங்க மறுத்தனர். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அவருக்குப் பிரித்தானிய அரசாங்கமே ஊதியம் அளித்து வந்ததை 1859இல் வெளியான எமர்சன் டெனென்ட்டின் இலங்கை பற்றிய நூல் பதிவு செய்துள்ளது. மந்திரத்தை நம்பாத அரசாங்கம் மந்திரவாதிக்குக் கூலி கொடுத்ததில் வியப்பில்லை. குளிப்பாளியின் அச்சம் நீங்கினால் சிப்பி கரைக்கு வரும் என்பது அதன் கணக்கு. ஆனால் எண்ணத்தில் மட்டும் பலிக்கும் காரணங்கள் பழங்காலத்தோடு முடிந்துவிட்டன என்று எண்ணுவது தவறாகும். பளபளக்கும் எஃகுப் புரொப்பெல்லரை வாங்கினாலே படகு பறக்கும் என்ற நம்பிக்கையும், அண்டைப் படகில் 40 குதிரைவலு இருப்பதனால் தன் படகிலும் 40 வேண்டும் என்ற பிடிவாதமும், ஓதிக் கட்டிய தாயத்தின் வகையைச் சேர்ந்தவையே. தாயத்தின் விலையாவது குறைவு.

தெரிவுக்கும் விதிக்கும் உள்ள உறவைத் தீர்த்துவைக்கும் நிகழ்வாக மரபு எடுத்துக்காட்டுவது, ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோயின்போது நடந்தது. நோய் பரவிய நிலத்துக்குள் நுழையாமல் சர்க் என்ற இடத்திலிருந்து திரும்ப முடிவெடுத்த கலீபா உமர் (ரலி) அவர்களிடம், இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் விடையளித்தார். ஒரு பக்கம் புல் செழித்தும் மறுபக்கம் வறண்டும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதியின்படியே நடக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். வறண்ட பக்கத்தில் மேய்ப்பவன் விதியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது, ஏனெனில் செழித்த பக்கமும் அதே விதிக்குள்தான் இருந்தது. மேசையில் இரண்டு புரொப்பெல்லர்களை வைத்துக்கொண்டு நிற்பவனின் நிலையும் இதுவே: அவன் எதை எடுத்தாலும் விதிக்கு வெளியே போவதில்லை, ஆனால் எடுத்தது அவன் கையே. இமாம் அஷ்அரி ‘கஸ்பு’ என்று குறித்தது இந்தக் கையைத்தான். செயலைப் படைப்பவன் இறைவன், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன், சம்பாதித்தவன் என்பதனாலேயே அவன் கேள்விக்கு உட்பட்டவன் என்பது அக்கோட்பாடு. நுணுக்கமான இக்கோட்பாட்டைப் பிற மரபினர் பலர் பரிகசித்ததுண்டு. பொறுப்பை மனிதன்மேல் நிறுத்துவதில் அது ஒருபோதும் தளர்ந்ததில்லை என்பதைப் பரிகசித்தவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

எருக்கலம்பிட்டியின் அண்மைய வரலாறு இந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கவிடாது. 1990 அக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் சில நாள், சில இடங்களில் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கரையில் கூடிப் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக்குச் சென்றார்கள். ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர் அகதிகளாயினர், எருக்கலம்பிட்டியார் பலர் புத்தளம் மாவட்டத்தில் முகாம்களிலும் பின்னர் புதிய குடியிருப்புகளிலும் தலைமுறை ஒன்றைக் கழித்தனர். களா கத்ர், அதாவது இறைவன் முன்னரே தீர்மானித்த விதி, என்று சொல்லி அம்மக்கள் தம்மைத் தேற்றிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்குரிய உரிமை. ஆனால் வெளியேற்றியவர் அதே சொல்லை எடுத்துத் தம் செயலை மறைக்க முடியாது. ஆதம் (அலை), மூஸா (அலை) இருவருக்கும் இடையே நடந்ததாக ஹதீஸ் கூறும் விவாதத்தை விளக்கிய அறிஞர்கள், நேர்ந்துவிட்ட துன்பத்துக்கு விதியைச் சொல்லலாம், செய்யும் குற்றத்துக்குச் சொல்லக் கூடாது என்று வகுத்தார்கள். பெருங்கொடுமைக்குப் பொருந்தும் இவ்வகுப்பு சிறு அலட்சியத்துக்கும் பொருந்தும். இழுவைக் கயிற்றில் இருந்தவர் சுழலும் புரொப்பெல்லரில் அடிபட்ட பிறகு, அவருடைய குடும்பத்தார் விதி என்று சொல்லி அழலாம். படகோட்டி அப்படிச் சொல்ல இயலாது.

இவ்விடத்தில் எண்ணத்தின் நிலையையும் கருத வேண்டும். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற கருத்துடைய ஹதீஸுடன் புகாரியின் தொகுப்பு தொடங்குகிறது. புரொப்பெல்லர் விற்பவரின் முதற்கேள்வியும் எதற்காக என்பதாகவே இருக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரே படகும் ஒரே இஞ்சினும் வலை ஏற்றிச் செல்ல ஒன்றையும், தூரத்துக் கடலுக்கு ஓட மற்றொன்றையும், ஆளை இழுக்க வேறொன்றையும் வேண்டுகின்றன. விளையாட்டுக்காக ஆற்றலைப் பயன்படுத்துவதே வீண் என்ற கடுமையான கருத்து சிலரிடம் உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், பயிற்றி மெலிய வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதா வரை நீண்ட தூரத்தையும், பயிற்றாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ சுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரத்தையும் வகுத்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. வேகத்தை நாடியது மட்டுமன்றி, எதன் வலுவுக்கு எவ்வளவு என்று பொருத்தியதும் அங்கே காணப்படுகிறது. எவராலும் முந்தப்படாத ‘அள்பா’ என்ற தம் ஒட்டகத்தைக் கிராமத்து அரபி ஒருவரின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் வருந்த, உலகில் உயர்வது எதுவும் ஒருநாள் தாழ்த்தப்படும் என்னும் கருத்தை நபியவர்கள் கூறியதும் புகாரியில் உள்ளது. விளையாட்டை மறுக்காமலே அதன் செருக்கை அறுக்கும் நிலை அது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பு என்ற பொருள் தரும், திர்மிதி பதிவு செய்த அறிவுரை மிகுதியாக எடுத்தாளப்பட்டுக் கூர்மை மழுங்கிப்போனது. இழுவைப் படகில் அதற்கு நேரான பொருள் உண்டு. ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ உடையிலோ மாட்டப்படும் சிறு வடம் ஒன்று இஞ்சினின் நிறுத்துவிசையோடு இணைந்திருக்கும். அவர் தவறி விழுந்தால் வடம் கழன்று இஞ்சின் உடனே நிற்கும். அவ்வடம் மாட்டப்படாத படகு, ஓட்டுநரை இழந்த பின்னும் வட்டமடித்து அவர் மீதே திரும்பி வரக்கூடியது. விரைந்து புறப்படும்படி பிட்ச் குறைக்கப்பட்ட படகு பின்னால் சாய்ந்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாயும் அந்த முதல் விநாடிகளில் ஓட்டுநருக்கு முன்னே உள்ள நீர் தெரியாமற் போவதும், நிலைதடுமாறி விழும் வாய்ப்புக் கூடுவதும் இயல்பு. ஆதலால் புறப்படும் விசையைக் கூட்டுபவர் வடத்தின் கடமையையும் சேர்த்தே கூட்டிக்கொள்கிறார். பின்னோக்கிப் பார்த்திருக்க இரண்டாவது ஆள், நீரில் கிடப்பவரை ஏற்றும்போது இஞ்சினை முழுவதுமாக அணைத்தல், அவருக்கு மிதவை அங்கி ஆகியவையும் அவ்வாறே. இவை கஸ்ஸாலியின் முதல் வகையைச் சேர்ந்த காரணங்கள். இவற்றை விட்டுவிட்டுத் தவக்குல் பேசுபவர், கை நீட்டாத பசித்தவனின் வரிசையில் நிற்கிறார்.

அளவு பற்றிய வினா எரிபொருளிலும் வந்து நிற்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயம் வானத்தை உயர்த்தியதோடு சேர்த்துத் தராசையும் நிறுத்தியதைக் கூறி, நிறுவையில் வரம்பு மீறலைத் தடுக்கிறது. வீண்விரயம் இஸ்லாமிய ஒழுக்கத்தில் தனியே கண்டிக்கப்படுவது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டபோது, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இஞ்சின்களை நம்பிய வடக்கின் கடற்றொழிலாளருக்கு, பொருந்தாத பிட்ச் என்பது உணவுத்தட்டில் தெரியும் இழப்பாயிற்று. அதிக பிட்சில் திணறும் இஞ்சின் எரிபொருளை முற்றாக எரிக்காமல் புகையாகக் கக்கும். குறைந்த பிட்சில் நெடுந்தூரம் ஓடும் இஞ்சின் தேவையற்ற சுற்றுகளில் அதைச் செலவிடும். உல்லாசப் பயணியை இழுக்கப் பூட்டிய புரொப்பெல்லரை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்துக் கடலுக்குப் போவது சோம்பலின் விரயம். மாற்றிப் பூட்டுவதற்கு ஒரு திருகுமறையைக் கழற்றும் வேலையே தேவை.

இவ்வாறு படகுக்குள்ளேயே வினாவை வைத்திருந்தால் அது பாதியிலேயே நின்றுவிடும், ஏனெனில் புரொப்பெல்லர் சுழல்வது பிறருக்கும் உரிய நீரில். மன்னார்த் தீவைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகளை ஒட்டி ஒரு சில மீற்றர் ஆழமே உள்ள இடங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே கடற்புல் வெளிகளும், அப்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும் உண்டு. ஆழமற்ற நீரில் முழு விசையோடு புறப்படும் புரொப்பெல்லர் புல்லை வேரோடு கிழித்துத் தரையில் கோடிடும். அக்கோடு மீண்டும் புல்லால் மூட ஆண்டுகள் செல்லும். விரித்த வலையின் மேல் ஓடினால் ஒரு குடும்பத்தின் வருவாய் அறுந்துபோகும். தீங்கு செய்தலுமில்லை, தீங்குக்குத் தீங்குமில்லை என்று சட்டவிதியாக வளர்ந்த நபிமொழி இத்தகைய பொதுவெளிகளுக்கும் பொருந்துவது. கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள் மேல்தட்டாரைத் தொந்தரவு செய்யாமல் தண்ணீர் எடுக்க விரும்பித் தம் பகுதியில் துளையிட முனைந்ததையும், தடுக்காவிட்டால் எல்லோரும் அழிவர் என்பதையும் கூறும், புகாரி பதிவு செய்த உவமையில், துளையிட்டவர்களின் எண்ணம் நல்லதாகவே இருந்தது என்பது பலர் கவனிக்காத நுட்பம். சுற்றுலாவின் வருவாயும் நல்ல எண்ணமே. எண்ணம் நல்லதாயிருப்பது புரொப்பெல்லரின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

ஆக, அஷ்ஷூரா வசனத்தின் காற்று இஞ்சினால் தோற்கடிக்கப்படவில்லை. காற்றின் காலத்தில் மனிதனுடைய பங்கு பாயைத் திருப்புவதும் காத்திருப்பதுமாக இருந்தது. இஞ்சினின் காலத்தில் அப்பங்கு வளர்ந்து, பங்கோடு கேள்விக்கணக்கும் வளர்ந்துள்ளது. எரிபொருள் தீர்ந்தோ, தண்டு முறிந்தோ, புரொப்பெல்லரில் வலை சுற்றியோ கடலில் நிற்கும் படகு, காற்று விழுந்த பாய்க்கப்பலைப் போலவே அசைவற்றுத்தான் நிற்கிறது. கடற்கரை ஊர்களின் ஜும்ஆப் பிரசங்கங்களில் தவக்குல் பேசப்படும் வெள்ளிக்கிழமைகளில், ஒட்டகத்தோடு நின்றுவிடாமல், மணிக்கட்டு வடத்தையும் மிதவை அங்கியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றை மாட்டாமல் பிறர் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவது மார்க்கத்தின்படி குற்றம் என்று கதீபுமார் வெளிப்படையாகக் கூற வேண்டும்.